"பனி" என்று எழுதினால் குளிருமா? கதையில் சூழல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரிலும் கோத்தகிரியிலும் மாறி மாறி நடக்கும் எங்கள் சிறுகதைக் கூடுகைக்குக் கல்லூரி மாணவர்கள், எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஒரு தேயிலை லாரி ஓட்டுநர் என்று பலரும் வருகிறார்கள். கொண்டுவரும் கதைகள் வேறு வேறு. கேட்கும் சந்தேகங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"சூழல் இல்ல, சூழல் இல்ல"ங்கறீங்க. முதல் பத்தி முழுக்க இடத்த வர்ணிச்சிருக்கேனேக்கா, அது சூழல் இல்லையா?

கதை எங்கே, எப்போது நடக்கிறது என்பது தகவல். கேத்தி, கேரட் கழுவும் இடம், காலை ஆறு மணி. இதைப் படிக்கிறவருக்குள் ஒரு கலக்கமோ நிம்மதியோ மெல்ல ஊறத் தொடங்கினால்தான் சூழல் வந்திருக்கிறது என்று பொருள். "கேரட் மூட்டைகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்" என்பது தகவல். "கடைசி லாரியும் போன பிறகு அவருடைய மூட்டைகள் மட்டும் ரோட்டோரம் கிடந்தன" என்று எழுதினால் யாரும் வருத்தம் என்று சொல்லாமலே ஏதோ ஆகிவிட்டது தெரிகிறது.

இன்னொன்று. பாத்திரத்தின் மனநிலையும் வாசகரின் மனநிலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பையன் சிரித்துக்கொண்டே அணைத் தண்ணீரில் இறங்குவான், நமக்கு அடிவயிறு கலங்கும். உங்கள் கதையில் வர்ணனை முதல் பத்தியோடு முடிந்துபோகிறது. பிறகு ஐந்து பக்கத்துக்கு அந்த ஊரே காணோம்.

எங்க ஊர்ல வருஷத்துல பாதி நாள் பனிமூட்டம்தான். "எங்கும் மூடுபனி சூழ்ந்திருந்தது"ன்னு எழுதினா போதாதா?

போதாது. ஊட்டி பார்க்க வருபவருக்கு மூடுபனி ஒரு காட்சி. கார் கண்ணாடியை இறக்கிப் படம் எடுப்பார். இங்கேயே இருப்பவருக்கு அது துணி காயாத நாள், தீப்பெட்டி நமுத்துப்போன நாள், ஆஸ்துமாக்காரப் பாட்டியை வெளியே விடாத நாள், பஸ்ஸின் மஞ்சள் விளக்கு கிட்டே வந்த பிறகே தெரிகிற நாள். எங்களுக்கு வரும் கதைகளில் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடச் சுற்றுலா வந்தவரின் கண்ணை இரவல் வாங்கித்தான் பனியைப் பார்க்கிறார்கள். என் பெரிய மனக்குறை இதுதான்.

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையை எடுத்துப் படியுங்கள். மொத்தமே 188 அடி. மழை பெய்த கூதிர்கால நள்ளிரவு. இடையர்கள் கொள்ளிக்கட்டையில் கையைக் காய்ச்சிக்கொண்டும் கன்னம் அடித்துக்கொள்ள நடுங்குகிறார்கள். விலங்குகள் மேய மறந்துபோகின்றன. குரங்குகள் குறுகிக் கிடக்கின்றன, பறவைகள் கிளையிலிருந்து விழுகின்றன, கறவை மாடு பால் குடிக்க வரும் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. குன்றுக்கே குளிரெடுத்தது போன்ற இரவு என்கிறார் நக்கீரர். ஊருக்குள்ளே வந்தால், குளிரில் யாழின் நரம்பு சுருதி மாறிவிட, ஆடும் பெண்கள் அதைத் தங்கள் மார்பின் சூட்டில் தேய்த்துச் சரிசெய்கிறார்கள்.

நான் கூடுகையில் எப்போதும் காட்டுகிற இடம் இன்னொன்று. வானம் மூடிக் கிடப்பதால் மாலை வந்துவிட்டதா என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியவில்லை. பறித்து வைத்த பித்திக அரும்புகள், அதாவது பிச்சி மொட்டுகள், விரிந்து மணக்கின்றன. அந்த மணத்தை வைத்துப் பொழுதைத் தெரிந்துகொண்டு இரும்பு விளக்கில் திரியைக் கொளுத்துகிறார்கள். வானம் எவ்வளவு இருண்டிருந்தது என்று இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணோம். கதை எழுத அது ஏதாவது உதவுமா?

மார்க்குக்காகப் படித்ததால் அதன் அருமை தெரியாமல் போய்விட்டது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே உள்ள தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் எல்லாம் கருப்பொருள். இவற்றின் நடுவே நிகழும் மன உணர்வு உரிப்பொருள். குறிஞ்சிக்கு மலை, கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை வரை, அதிலும் நள்ளிரவான யாமம், உணர்வு புணர்தல். சூழல் எப்படி உண்டாகிறது என்பதற்கு இதைவிடச் செறிவான பாடம் எனக்குத் தெரியாது.

அந்தக் கருப்பொருள் பட்டியலில் மரம், பறவையோடு தொழிலும் உணவும் சரிசமமாக இருப்பதைக் கவனியுங்கள். புதிதாக எழுதுபவர்கள் மரத்தையும் பறவையையும் எழுதிவிட்டுத் தொழிலை விட்டுவிடுகிறார்கள். உங்கள் ஊருக்கு நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள்: சில்வர் ஓக், காட்டுமாடு, கொழுந்து பறிப்பது, ஃபேக்டரிச் சங்கு. எல்லாவற்றையும் கதையில் அடைக்க வேண்டாம். "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்கிறது தொல்காப்பியம். நிலமும் பொழுதும் கருப்பொருளும் ஒன்றோடொன்று கலக்கலாம், உணர்வு மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். உங்கள் கதையின் உணர்வு என்ன என்று உங்களுக்கே தெரியாதபோது எத்தனை சில்வர் ஓக் நட்டும் பயனில்லை.

ஐம்புலனும் வரணும்னு ஒரு பயிற்சி முகாம்ல சொன்னாங்க. ஒவ்வொரு பத்தியிலயும் அஞ்சும் வேணுமா?

வேண்டாம், மூச்சு முட்டும். அந்த நேரத்தில் பாத்திரம் எந்தப் புலனை நம்பி இருக்கிறதோ அது ஒன்று போதும். நெடுநல்வாடைப் பெண்களுக்குக் கண் உதவவில்லை, மூக்கு உதவியது.

எங்கள் பக்கத்துக் கதைகளில் அதிகம் விட்டுப்போவது வாசனைதான். தேயிலை ஃபேக்டரியில் வாட்டப் போட்ட இலைக்கு ஒரு பச்சை வாசம். அதை அரைத்துப் புளிக்க விடும்போது அது இனிப்பும் புளிப்புமாக மாறும், உலர்த்தும்போது சூடான வாசம். ஆனால் ஃபேக்டரிக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர் இதைத் தினமும் கவனிக்கவே மாட்டார். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவுக்கு வரும் மகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் கவனிப்பாள். அவளுடைய அம்மா, ஃபேக்டரி மூடப்பட்ட பிறகு ஒரு காலையில் வாசம் இல்லாததைக் கவனிப்பாள். யார் எதைக் கவனிக்கிறார் என்பதிலேயே பாதிக் கதை வந்துவிடுகிறது.

அடைமொழியே போடக் கூடாதா?

போடலாம். "பயங்கரமான", "இனம்புரியாத", "ரம்மியமான", "மர்மமான" ஆகியவை வாசகருக்கு வர வேண்டிய உணர்வை நீங்களே அனுபவித்து முடித்துவிட்டதாகச் சொல்லும் சொற்கள். அவற்றை அடித்துவிடுங்கள். "ஈரமான", "வழுக்குகிற", "கருகிய" ஆகியவை பொருளைக் காட்டும் சொற்கள். அவற்றில் பாதியை அடியுங்கள்.

சின்ன வாக்கியம்னா பதற்றம், நீள வாக்கியம்னா அமைதி. இது சரிதானே?

பாதி சரி. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் நீள வாக்கியத்துக்கு வேறு ஒரு சக்தியும் உண்டு. "கதவைத் தள்ளித் திறந்து, விளக்கைப் போடாமல், செருப்பையும் கழற்றாமல் உள்ளே போய், அம்மாவின் கட்டிலைக் கையால் தடவிப் பார்த்து..." என்று எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போனால் வாசகர் முற்றுக்காகக் காத்துக்கொண்டே வருவார். இதில் அமைதி எங்கே இருக்கிறது? இதையே "கதவைத் திறந்தான். விளக்கைப் போடவில்லை. கட்டிலைத் தடவினான்." என்று உடைத்தால் பதற்றம் போய் ஒரு மரத்துப்போன தன்மை வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு ஒருவன் நடமாடுவது போல.

மேலே சொன்ன நெடுநல்வாடையின் முதல் பன்னிரண்டு அடிகளில் வினைமுற்றே கிடையாது. நடுங்க, மறப்ப, கூர, வீழ என்று குளிர் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கடைசியில் "கூதிர்ப் பானாள்", அதாவது கூதிர்கால நள்ளிரவு, என்ற பெயர்ச்சொல்லில் வந்து நிற்கிறது. நடையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் உங்கள் பத்தியை உரக்கப் படியுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறீர்கள் என்று பார்த்தாலே போதும்.

பயம் வரணும்னா ராத்திரி, மழை, நாய் ஊளை இதெல்லாம் இல்லாம எப்படி சார்?

ராத்திரியும் மழையும் தாராளமாக இருக்கட்டும். நாயை மட்டும் கொஞ்ச நாள் தூங்க விடுங்கள். குறிஞ்சியின் சிறுபொழுது யாமம் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பாடல்களில் தலைவன் நள்ளிரவில் மலை வழியே அவளைப் பார்க்க வருகிறான். வழியில் யானை, புலி, பாம்பு, காட்டாறு. அவனுக்காக நடுங்குவது வீட்டில் இருக்கும் தலைவி. "இந்த வழியில் வராதே" என்று தோழி சொல்கிறாள். ஆபத்தில் இருப்பவனை விட்டுவிட்டு, காத்திருப்பவளிடம் பயத்தைக் கொடுத்துவிட்டார்கள் அந்தப் புலவர்கள்.

கோத்தகிரி பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மகன் கடைசி பஸ்ஸில் இறங்கித் தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வர வேண்டும். சாயங்காலம் அந்தப் பக்கம் கரடி நின்றது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மா ரசத்தை மறுபடி சுட வைக்கிறாள். டிவி சத்தத்தைக் குறைக்கிறாள். கீழே பஸ் வளைந்து திரும்பிப் போகும் சத்தம் கேட்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் கதைக்குள் கரடி வரவே வேண்டாம்.

பாத்திரம் அழுதுட்டு இருக்கும்போது வெளியே நல்ல வெயில் அடிச்சா தப்பா?

தப்பே இல்லை. பல சமயம் அதுதான் உண்மை. டிசம்பர், ஜனவரியில் இங்கே விழும் உறைபனியைப் பாருங்கள். உறைபனி விழ வானம் தெளிந்திருக்க வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும். மேகம் இருந்தால் நிலத்தின் சூடு அவ்வளவாக வெளியேறாது. அதனால் உறைபனி விழுந்த மறுநாள் காலை பளிச்சென்று விடியும். புல்வெளி வெள்ளை, வானம் நீலம், தலைகுந்தாவில் சுற்றுலா வந்தவர்கள் உறைந்த புல்லைக் கையில் எடுத்துச் சிரிப்பார்கள். அதே காலையில் பள்ளத்தில் அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர் செடிகளுக்கு நடுவே போய் நிற்பார். வெயில் ஏற ஏறக் கொழுந்து பழுப்பாகிக் கருகும். ஒரு கொழுந்தைக் கிள்ளி விரலில் நசுக்கிப் பார்ப்பார், பொடியாகும். இந்தக் காட்சியில் மழையைப் பெய்ய வைத்தால் விஞ்ஞானமும் தப்பு, கதையும் கெட்டது.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் பாடல் ஒன்று, 194-ஆவது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்க வைக்கிறார். ஆனால் இதையும் பழக்கமாக்கிவிடாதீர்கள். சாவு வீடு என்றாலே வெளியே ஐஸ் வண்டி மணி அடிக்கும் கதைகளும் எங்களுக்கு நிறைய வருகின்றன.

"நான்"னு சொல்றதா, "அவள்"னு சொல்றதா? அதுல சூழல் மாறுமா?

"நான்", "அவள்" என்பதைவிட யாருடைய கண், யாருடைய உடம்பு என்பதே முக்கியம். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இறங்கும் ஒரு வண்டிக்குள் மூன்று பேர். மசினகுடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணுக்கு ஒவ்வொரு வளைவிலும் காது அடைக்கிறது, குளிர் குறைகிறது, ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்று மாமியாரைப் பார்க்கிறாள். ஓட்டுநருக்கு வெளியே இருக்கும் காடு எதுவும் கண்ணில் படவில்லை. பிரேக் சூடாகும் வாசம் வருகிறதா என்று மூக்கும், கியரில் இடது கையும்தான் அவர். பின் சீட்டில், ஊட்டி ஆஸ்பத்திரியிலிருந்து தகப்பனாரைத் திரும்பக் கூட்டிப்போகும் மகனுக்கு வளைவின் எண் எழுதிய பலகைகள் மட்டும் தெரிகின்றன.

பாதை ஒன்றுதான், சூழல் மூன்று. மூன்றையும் ஒரே பத்தியில் கலந்து, மேலிருந்து பார்க்கும் கழுகின் கண்ணால் எழுதும்போதுதான் "எங்கும் மூடுபனி சூழ்ந்திருந்தது" வந்து விழுகிறது. இரண்டாம் கேள்விக்கு முழுப் பதிலும் இங்கேதான் இருக்கிறது.

என் கதை முழுக்க ரெண்டு பேர் பேசிக்கறதுதான். அதுல சூழலுக்கு எங்க இடம்?

பேசாமல் விட்ட இடத்தில். அண்ணனும் தம்பியும் பூர்வீகத் தோட்டத்தை விற்பதா வேண்டாமா என்ற சண்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பேசுவதோ பச்சைத் தேயிலை கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று. அண்ணன் டீயைக் குடிக்காமல் ஆற விடுகிறார். தம்பி அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறான். இவ்வளவு போதும்.

நான் படுகர். வீட்ல தமிழ் பேசறதில்ல. எங்க ஹட்டியப் பத்தி தமிழ்ல எழுதினா அடிக்குறிப்பு போடணுமா?

வேண்டாம். அடிக்குறிப்பைப் பார்க்க வாசகர் கண்ணைக் கீழே இறக்கும் நொடியில் ஹட்டியை விட்டு வெளியே போய்விடுகிறார். டிசம்பர், ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு பேரகணிக்குப் போகிறார்கள் என்று எழுதினால், ஹெத்தை யார் என்று தெரியாதவருக்கும் அந்த நாளின் எடை தெரிந்துவிடும். உங்கள் பாட்டி விளக்கம் சொல்லிக்கொண்டா அந்தச் சொற்களைப் பேசுகிறார்? ஆனால் வெளியாள் ஒருவர் படிக்கிறார் என்று எண்ணி ஊரை அழகாக அடுக்கி வைக்காதீர்கள். இந்த ஆபத்து உங்களுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

நான் கொடைக்கானலுக்கு ரெண்டே தடவதான் போயிருக்கேன். அங்க நடக்கற கதை எழுதலாமா?

எழுதலாம், ஆனால் உண்மைகளைச் சரிபாருங்கள். ஒரு தப்பான தகவலில் அந்த ஊர்க்காரருக்கு மொத்த மயக்கமும் கலைந்துவிடும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். 2006-இலும் 2018-இலும் பூத்தது. உங்கள் காதலர்கள் 2012-இல் குறிஞ்சி பூத்த சரிவில் நடக்க முடியாது. கொடைக்கானல் ஏரி 1863-இல் உண்டாக்கப்பட்டது. நீலகிரி மலை ரயில் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்தது. 1890-இல் ஊட்டியில் தூங்க முடியாமல் புரளும் துரைக்கு ரயில் ஊதல் கேட்காது. யூக்கலிப்டஸ் மரங்களும் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து நட்டவை. அதற்கு முன்பு நடக்கும் கதைக்குச் சோலைக்காடும் புல்வெளியும்தான்.

மழையும் அப்படியே. கூடலூரில் ஜூன், ஜூலையில் கொட்டும். குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழைக் காலம். "மலை என்றாலே எப்போதும் மழை" என்பது சமவெளிக்காரரின் கணக்கு.

குறியீடு வச்சு எழுதினேன், யாருக்கும் புரியல. விளக்கிச் சொல்லிடட்டுமா?

குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. களவில் கூடிய அன்று சாட்சி யாருமில்லை, அந்தக் கள்வன்தான் இருந்தான், அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு நினைவு வந்தவளாக ஒன்று சொல்கிறாள்: தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் இருந்தது.

அந்தக் குருகு எதற்குக் குறியீடு என்று நாள் முழுக்கப் பேசலாம். அதன் கவனம் மீன்மேல், இவள்மேல் இல்லை, சாட்சியாக வராது. தலைவனும் தனக்கு வேண்டியதைப் பார்த்துக் காத்திருந்தவன்தானோ என்றும் தோன்றும். ஆனால் இது எதுவும் புரியாத வாசகருக்கும், ஆளில்லாத நீரோரத்தில் ஒற்றைப் பறவை நின்றது தெரியும். அவளுடைய தனிமை தைக்கும். குறியீடு முதலில் வெறும் பறவையாக நிற்க வேண்டும். உங்கள் கதையில் உடைந்த கடிகாரம் மூன்று இடத்தில் வருகிறது. அது ஓடாததால் ஒருவர்கூடப் பஸ்ஸைத் தவறவிடவில்லை. விளக்கம் சேர்ப்பதைவிட, முதலில் அந்தக் கடிகாரத்துக்கு அந்த வீட்டில் ஒரு வேலை கொடுங்கள்.

ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். "சூழல் அருமை, கதை எங்கே?"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்?

நீங்கள் அனுப்பிய கதையைப் படித்தேன். வயதானவர் ஒருவர் நாலு பக்கத்துக்குப் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பனி நன்றாகத்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு வெயிலை வைத்தால் அவர் செய்வதில் எந்த மாற்றமும் வராது. அங்கேதான் கோளாறு.

நெடுநல்வாடையின் குளிர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். அரண்மனையில் குளிர் நுழையாத அறை, தந்தக் கட்டில், அதில் அரசி கண்ணீரோடு. பாசறையில் வாடைக்காற்று விளக்குச் சுடரை அலைக்கழிக்க, மழைத்துளி தெறிக்க, அரசன் நள்ளிரவிலும் படுக்கப் போகாமல் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பாட்டு முழுக்க வீசிய வாடை, கதகதப்பில் இருப்பவளையும் குளிரில் நடப்பவனையும் இரண்டாகப் பிரித்துக் காட்டுவதற்குப் பயன்பட்டிருக்கிறது.

உங்கள் பெரியவருக்கும் அந்தப் பனி ஏதாவது செய்யட்டும். மஞ்சூர் பஸ் வராமல் போகட்டும், மகள் வீட்டுக்கு அன்று போக முடியாமல் ஆகட்டும், அல்லது அதையே சாக்காகச் சொல்லி அவர் போகாமல் இருக்கட்டும். மூன்றாவது வழி எனக்குப் பிடித்திருக்கிறது. ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றும் இடம் மூன்றாம் பக்கத்தில் வருகிறதே, அங்கிருந்து கதையைத் தொடங்கிப் பாருங்கள். முதல் இரண்டு பக்கத்தில் தேவையானது ஏதாவது இருந்தால் அதுவே தேடிக்கொண்டு உள்ளே வந்துவிடும்.